மீனாட்சிசுந்தரத்துக்கு எத்தனை எழுத்து?

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் எத்தனை எழுத்து? மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி ஒன்பது என்று சொல்லிவிடும். ஜாவா என்ற நிரல்மொழியிடம் கேட்டால் 16 என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அதே 16. கோ, ரஸ்ட் இரண்டும் 48 என்கின்றன. ஸ்விஃப்ட்டும் எலிக்ஸரும்தான் 9 என்று சொல்கின்றன.

இதில் எந்த மொழியும் தப்பாக எண்ணவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ‘மீ’ என்பது ம ஒன்றும் ஈகாரக் குறி ஒன்றுமாக இரண்டு குறியீடு. ‘ட்’ என்றால் ட ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்து எண்ணினால் 16 வரும். இவை ஒவ்வொன்றும், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், மூன்று பைட் பிடிக்கும். பதினாறு மும்மூன்றாக 48. ஸ்விஃப்ட்டும் எலிக்ஸரும் மட்டும் குறியையும் புள்ளியையும் அவை ஏறி உட்கார்ந்த எழுத்தோடு சேர்த்து ஒன்றாகப் பார்க்கின்றன, நாம் பார்க்கிற மாதிரியே.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் முகவரிச் சீட்டு அச்சடிக்கும் ஜாவா நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெயருக்கு 15 இடம் ஒதுக்கியிருந்தார்கள். இங்கிலீஷ் பெயர்களை வைத்துச் சோதித்தபோது பெரும்பாலும் போதுமானதாகவே இருந்தது. தமிழில் அச்சடிக்க ஆரம்பித்ததும் ‘மீனாட்சிசுந்தரம’ என்று சீட்டு வந்தது. கடைசி மகரத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி பதினாறாவது ஆள். அதற்கு இடம் இல்லை. முதலில் ஃபான்ட் மேல் சந்தேகம் வந்தது, அப்புறம் பிரின்டர் மேல். கடைசியில் ஐபோன் செயலி எழுதும் நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, “எங்க ஸ்விஃப்ட்ல கவுன்ட் போட்டா ஒன்பதுதாங்க வருது, உங்களுக்கு மட்டும் ஏன் பதினாறு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

இத்தனைக்கும் ஜாவாவில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரேக்இட்டரேட்டர் என்ற வகுப்பு ஆரம்பகாலத்தில் இருந்தே அதில் இருக்கிறது. எழுத்தை மனிதர் பார்க்கும் அலகில் நடந்து எண்ணுவதற்கென்றே வைத்தது. அதை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்டிரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட நீளம் இருக்கலாம் என்று தோன்றினால்தானே தேடுவோம்? ஒரே நிரல்மொழியில் பல வருடம் இருப்பவருக்கு, அந்த மொழியை உருவாக்கியவர்கள் எடுத்த முடிவுகள் முடிவுகளாகவே தெரிவதில்லை. கம்ப்யூட்டர் என்றாலே இப்படித்தான் என்று தோன்றிவிடுகிறது. இரண்டாவது மொழி அந்த முடிவுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. பயோடேட்டாவில் ஒரு வரி கூடுவதும் சம்பளப் பேச்சில் ஒரு பிடி கிடைப்பதும் இருக்கட்டும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

அந்த முடிவுகளுக்குப் பின்னால் ஆட்களும் காலமும் இருப்பதும் அப்போது தெரியவரும். ஜாவாவை வடிவமைத்த தொண்ணூறுகளின் முற்பகுதியில், உலகத்து எழுத்தெல்லாம் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்பதே யூனிகோடின் திட்டம். அதை நம்பி ஒரு ‘கேரக்டர்’ என்றால் 16 பிட் என்று வைத்தார்கள். 1996-இல் வந்த யூனிகோட் 2.0 அந்த எல்லையைத் தாண்டியது. ஜாவாவால் பின்வாங்க முடியவில்லை. இன்றைக்கும் ஒரு ஸ்மைலிப் படத்தை அது இரண்டு என்று எண்ணுவதற்கு இதுதான் காரணம். கோ மொழியின் கதை வேறு. 2009-இல் அதை வெளியிட்ட மூவரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் உண்டு. 1992-இல் யூடிஎஃப்-8 முறையையே வடிவமைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். அவர்கள் மொழியில் ஸ்டிரிங் என்றால் பைட் வரிசை என்று இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஸ்விஃப்ட் ஒன்பது என்று சொன்னதற்காக அதுவே சிறந்த மொழி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒன்பதுக்கு அது விலை கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டிரிங்கை முதலில் இருந்து நடந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும். ஐந்தாவது எழுத்தைக் கொடு என்று நேராக ஓர் எண் போட்டுக் கேட்கவும் முடியாது. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் எரிச்சல்படுவார்கள். கோ மொழியில் நீளம் கேட்ட மாத்திரத்தில் வந்துவிடும், ஏனென்றால் பைட் கணக்கு ஏற்கெனவே குறித்து வைத்தது. தவிர ஸ்விஃப்ட்டும் நம் கணக்கை முழுக்கப் பின்பற்றுவதில்லை. க்ஷ என்பதை அது இரண்டு என்கிறது, ஸ்ரீ என்பதையும் இரண்டு என்கிறது.

தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இங்கே இருக்கிறது. ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஒகரக் குறியும் என்று ஒரு விதம், க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் வரக்கூடும். இரண்டும் சமமா என்று கேட்டால் ஸ்விஃப்ட் ஆம் என்கிறது, பைத்தான் இல்லை என்கிறது. பைத்தானில் முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கண்ணெதிரே ‘கொடி’ என்று இருக்கிற பக்கத்தில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எழுத்து எண்ணுவதை விட்டு, அன்றாடம் எல்லோரும் செய்கிற ஒரு வேலைக்கு வருவோம். ஒரு லிஸ்டில் ஆர்டர்கள் இருக்கின்றன. லூப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, ரத்தானவற்றை அதே லிஸ்டில் இருந்து நீக்க வேண்டும். முதல் மாதமே எல்லோரும் எழுதிப் பார்க்கிற நிரல்தான்.

பைத்தானில் அப்படி எழுதினால் ஓடும். எந்த எரரும் வராது. ஆனால் ரத்தான ஆர்டர் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் இரண்டாவது தப்பித்துவிடும். ஒன்றை நீக்கியதும் பின்னால் இருந்தவை ஓரிடம் முன்னால் நகர்கின்றன. லூப்போ அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறது. 1, 2, 3, 4 என்ற லிஸ்டில் எல்லாவற்றையும் இப்படி நீக்கிப் பாருங்கள். முடிவில் 2-உம் 4-உம் மிச்சம் இருக்கும்.

ஜாவாவின் லிஸ்ட் வகையான அரேலிஸ்ட் இதற்கு எக்ஸெப்ஷன் வீசும், அதாவது பிழை என்று சொல்லி நின்றுவிடும். நல்லதுதான். ஆனால் நீக்கியது கடைசிக்கு முந்தையதாக இருந்தால் வீசாது. அளவு ஒன்று குறைந்ததும் வேலை முடிந்தது என்று லூப் நின்றுவிடும், கடைசி ஆர்டரை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். சோதனைக்கு வைத்த லிஸ்டில் ரத்தான ஆர்டர் அந்த இடத்தில் மட்டும் அமைந்துவிட்டால், நிரல் சரியாக இருப்பதாகவே எல்லோரும் நம்புவார்கள். சி++ மொழியில் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

ரஸ்ட்டில் இந்த நிரல் கம்பைல் ஆகாது, அதாவது ஓடும் நிலைக்கே வராது. ஒரு பொருளை யாராவது படித்துக்கொண்டு இருக்கும்வரை வேறு யாரும் அதை மாற்றக் கூடாது. படிப்பவர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், மாற்றுபவர் இருந்தால் அவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். 2015-இல் 1.0 வெளிவந்த நாளில் இருந்து ரஸ்ட்டின் அடிப்படைச் சட்டம் இது. லூப் லிஸ்டைப் படித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் நடுவில் மாற்றப் பார்க்கிறீர்கள், விட மாட்டேன் என்று கம்பைலர் வரி எண்ணோடு சொல்லிவிடும். எர்லாங்கிலும் எலிக்ஸரிலும் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஒரு லிஸ்ட் ஒருமுறை உருவானால் உருவானதுதான், யாராலும் மாற்ற முடியாது. ரத்தாகாதவை மட்டும் உள்ள புது லிஸ்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே சின்ன வேலைக்கு இத்தனை பதில். இதைப் பார்த்தபிறகு நான் எழுதுகிற ஜாவா மாறிவிட்டது. ரஸ்ட்டில் இதுவரை சம்பளத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் ஜாவா நிரலில் ஒரு மெத்தட் ஒரு லிஸ்டைத் திருப்பிக் கொடுத்தால், இதை வேறு யார் கையில் வைத்திருக்கிறார்கள், யார் மாற்றலாம் என்று பார்க்காமல் என்னால் இப்போது தாண்டிப் போக முடிவதில்லை. மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ விஷயமும் அப்படித்தான். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-இல் அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்றே மேடையில் சொன்னார். ஒரு மதிப்பு இல்லாமலும் போகலாம் என்பதை டைப்பிலேயே எழுதவைக்கும் காட்லின் பக்கம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஜாவாவுக்குத் திரும்பினால், அந்தத் தவறின் கனம் கையில் தெரியும்.

நாம் புதுசு என்று நினைப்பவை எங்கிருந்து வந்தன என்பதும் மெதுவாகப் புலப்படும். ஒரே வரியில் புது லிஸ்ட் உருவாக்கும், பைத்தான் எழுதுகிறவர்கள் பெருமையோடு காட்டும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் 2000-இல் பைத்தான் 2.0-வில் வந்தது, அது ஹேஸ்கெல் மொழியில் இருந்து எடுத்தது. 2014-இல் ஜாவா 8, பெயரில்லாத சிறு செயல்களை எழுதும் லாம்டாவைக் கொண்டுவந்தபோது பல அலுவலகங்களில் தனியாகப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டோ ஸ்கீமோ தெரிந்தவர்களுக்கு அந்த வகுப்பில் புதிதாக ஒன்றும் இல்லை. வேண்டாத நினைவகத்தைத் தானே காலி செய்யும் கார்பேஜ் கலெக்ஷன் ஜாவாவோடு வந்தது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 1960 வாக்கிலேயே ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப்பில் அது இருந்தது. 2004-இல் கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் மேப்ரெட்யூஸ் கட்டுரையை வெளியிட்டபோது, லிஸ்ப் போன்ற மொழிகளின் மேப், ரெட்யூஸ் என்ற இரண்டு செயல்களில் இருந்தே இந்த யோசனை வந்ததாகக் கட்டுரையிலேயே குறித்தார்கள். ஆயிரக்கணக்கான கணினிகளில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறை, பக்கவாட்டு மொழி என்று பலரும் ஒதுக்கிவைத்த ஒன்றில் இருந்து கிளம்பியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

சரி, எந்த இரண்டாவது மொழி? ஜாவா தெரிந்தவர் சி ஷார்ப் படிப்பது அடுத்த தெருவுக்குக் குடிபோவது மாதிரி. வேலைக்குத் தேவைப்பட்டால் போங்கள், தப்பில்லை. ஆனால் நான் சொல்லும் பலன் அதில் அவ்வளவாகக் கிடைக்காது. வேறு கேள்வி கேட்கிற மொழி வேண்டும். நினைவகத்தை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடும் சி ஒரு வகை. எதையும் மாற்ற விடாத எலிக்ஸர், ஹேஸ்கெல் ஒரு வகை. எப்படிச் செய்வது என்று சொல்லாதே, என்ன வேண்டும் என்று மட்டும் சொல் என்கிற டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் இன்னொரு வகை.

எஸ்க்யூஎல் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். அதை ஒரு மொழியாக மதித்துப் படித்தவர்கள் குறைவு. ஆயிரம் வாடிக்கையாளரை ஒரு கேள்வியில் எடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி போட்டு ஆர்டர்களை எடுக்கும் ஜாவா நிரல்களை இன்றும் பார்க்கிறேன். எஸ்க்யூஎல் வழியில் யோசிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரே கேள்வி, இரண்டு அட்டவணையையும் இணைக்கும் ஒரு ஜாயின். லூப் வழியாகவே யோசித்துப் பழகிய மனசு டேட்டாபேஸையும் லூப்புக்குள் இழுத்துப் போடுகிறது. புது மொழி படிக்க நேரம் இல்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கையில் ஏற்கெனவே இருக்கும் எஸ்க்யூஎல்லை ஒழுங்காகப் படியுங்கள் என்பதுதான்.

ஊர்ப்பக்கத்துத் தம்பிகள் போன் செய்து, “அண்ணா, ஜாவா படிக்கவா, பைத்தான் படிக்கவா? எதுக்கு வேலை கிடைக்கும்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உள்ள கவலை நியாயமானது. வீட்டில் கடன் இருக்கும், வளாகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். அவர்களிடம் போய் ஹேஸ்கெல் படி என்று நான் சொல்வதில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்து, யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு முழு வேலையை முடிக்கும் அளவுக்குப் படி என்கிறேன். முதல் மொழியில் ஆழம் இல்லாமல் இரண்டாவதுக்குத் தாவினால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது. நாலு மொழியில் வணக்கம் சொல்லும் நிரலை எழுதத் தெரிந்தவருக்கு நாலு மொழி தெரியும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு பக்கம், நம் பிள்ளைகள் பல மொழிகளைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இன்ஜினியரிங் போனால் சி, ஜாவா. மூன்று நான்கு மொழி ஆயிற்று. ஆனால் ஒவ்வொன்றும் தனிப் பாடம், தனிப் பரீட்சை. ஒரே கணக்கை இரண்டு மொழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே ஏன் இப்படி, அங்கே ஏன் அப்படி என்று யாரும் கேட்பதில்லை. மேலே சொன்ன லிஸ்ட் கணக்கையே சி++, பைத்தான், ஜாவா மூன்றிலும் ஒரே நாளில் லேபில் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். புதுப் புத்தகம் வேண்டாம், புது லேப் வேண்டாம். இதைச் செய்யும் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்களை நேர்காணலில் ஐந்து நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம்.

நாலு மொழி தெரியும் என்பதற்காக அலுவலகத்தில் நாலு மொழியிலும் எழுதலாம் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் ஆசைப்பட்டு எலிக்ஸரில் ஒரு சர்வீஸ் எழுதி வைத்துவிட்டு வேலை மாறிப் போனால், ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் வேறு ஒருவர். அவருக்கு அது தண்டனை. நான் சொல்வது படிப்பதைப் பற்றி. குழுவில் எதில் எழுதுவது என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இப்போதெல்லாம் ஏஐ எந்த மொழியிலும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, எதற்குப் படிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் பைத்தான் நிரல் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இணையமெங்கும் கிடைக்கும் விடை ஒரே வரிதான், இங்கிலீஷுக்குக் கச்சிதமாக ஓடும். தமிழுக்கு ஓடவிட்டால், ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் ஒரு புள்ளி முதலில் நிற்கும். பிறகு ழி, ம, த என்று வரும். மகரத்தின் மேல் இருந்த இகரக் குறி ழகரத்துக்குப் போய்விட்டது. ஏஐ எழுதினாலும் ஆள் எழுதினாலும் அந்த வரியைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். இந்த மொழி எதை எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு அந்தச் சந்தேகம் தானாக வரும். எழுதுவது சுலபமாகிவிட்ட காலத்தில், படித்துப் பார்த்து நம்பலாமா கூடாதா என்று சொல்லும் ஆளுக்குத்தான் வேலை அதிகம்.

நான் இப்போது ப்ரோலாக் படித்துக்கொண்டிருக்கிறேன். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலான் கோல்மெரோவரும் குழுவினரும் உருவாக்கிய மொழி. பிரெஞ்சு வாக்கியங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சியில் பிறந்தது. இதில் கட்டளை போடுவதில்லை. எது எதற்கு என்ன உறவு என்று எழுதிவைத்தால், எந்தப் பக்கம் இருந்து வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். இரண்டு லிஸ்டைச் சேர்த்தால் மூன்றாவது என்று சொல்லும் விதி அதில் உண்டு. முதல் இரண்டையும் கொடுத்தால் மூன்றாவதைத் தரும். மூன்றாவதை மட்டும் கொடுத்தால், எந்தெந்த இரண்டு சேர்ந்தால் இது வரும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். சேர்க்கும் விதி ஒன்றுதான் எழுதினேன், பிரிக்கும் விதி இனாமாக வந்துவிட்டது.

தமிழ் படித்தவருக்கு அடுத்து என்ன தோன்றும்? புணர்ச்சி. மரம் சேர் வேர் என்றால் மரவேர். மகர மெய் கெடும். இந்த ஒரு விதியை ப்ரோலாக்கில் எழுதினேன். முதலில் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்து ம, ர, வே, ர் என்று லிஸ்ட் ஆக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் வ தனியாகவும் ஏகாரக் குறி தனியாகவும் பிரிந்துவிடும். பிறகு மரவேர் என்று மட்டும் கொடுத்துக் கேட்டேன். ஐந்து விதமாகப் பிரித்துப் பார்த்தது, ஒவ்வொன்றின் முதல் பாதியிலும் மகர மெய்யைத் திரும்ப ஒட்டியது. ‘மம்’, ‘ரவேர்’ என்றெல்லாம் வந்தவற்றைச் சொற்பட்டியலில் இல்லை என்று தள்ளிவிட்டு மரம், வேர் என்று கொண்டுவந்து நிறுத்தியது. மரக்கிளைக்கு இன்னொரு விதி: கி என்ற எழுத்தின் மெய் க் என்று சொல்லும் அட்டவணை ஒன்று வேண்டும், அது நடுவில் மிகுந்து நிற்கும். அதுவும் ஓடுகிறது.

மணியடித்தது என்பதில்தான் வேலை கூடுகிறது. மணி, அடித்தது இரண்டுக்கும் நடுவில் யகர உடம்படுமெய் வந்து, அடித்ததின் அகரம் ‘ய’ என்ற எழுத்துக்குள் போய்விட்டது. முழு எழுத்தாகப் பிரித்த லிஸ்டில் அந்த அகரம் தனியாகக் கிடைக்காது. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து வைக்கும் லிஸ்ட் வேண்டும், ய் தனி, அ தனி என்று. அந்த விதிகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், அவற்றோடு கிரந்த எழுத்துகள் சில என்று அட்டவணை ரொம்பச் சின்னதாகவே வருகிறது. முடிந்ததும் நிரலை முழுசாக இங்கே போடுகிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சொற்களைக் கொடுத்துச் சோதித்துச் சொல்லுங்கள்.